அசையாத சுட்டியும் அடைபட்ட தமிழும்

மன்னார்ப் பகுதியிலே ஒரு பாடசாலை. அதன் காரியாலயத்துக்குப் பின்னால் ஒரு சிற்றறை. உடைந்த கதிரைகளுக்கும் பழைய வரவு இடாப்புகளுக்கும் நடுவே துணியால் மூடப்பட்ட ஒரு கணினி இருக்கிறது. பேசாலையிலோ, எருக்கலம்பிட்டியிலோ, வங்காலையிலோ, முருங்கனிலோ, நேயர்கள் தாம் விரும்பிய ஊரில் இவ்வறையை அமைத்துக்கொள்ளலாம். பாடசாலையின் ஆண்டு விழா நெருங்குகிறது. பழைய மாணவர் பெயர்ப் பட்டியலும், முன்னொரு காலத்து மலரிலே வெளிவந்த ஊர் வரலாற்றுக் கட்டுரையும் வேண்டியிருக்கின்றன. அச்சுப் பிரதி ஒன்றேனும் கிடைக்கவில்லை. “அது அந்தக் கொம்பியூட்டருக்குள்ளே இருக்கிறது, சேர்” என்கிறார் காரியாலய இலிகிதர்.

துணியை நீக்கி ஆளியை அழுத்துகிறார்கள். விசிறி இரைகிறது. நீல வானமும் வெண்முகிலும் பின்னணியாக, வின்டோஸ் 95 என்னும் பெயர் திரையிலே தோன்றுகிறது. கூடியிருந்தவர் முகங்களெல்லாம் மலர்கின்றன. ஆனால், சுட்டியைப் பிடித்து எத்துணை இழுத்தாலும் திரையிலுள்ள அம்பு இருந்த இடத்திலேயே நிற்கிறது.

இக்காட்சி கற்பனையே. ஆயினும் அதன் பின்னணி கற்பனையன்று. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரிலே வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் தம் ஊர்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். போர் நிகழ்ந்த ஆண்டுகளிலே எத்தனையோ குடும்பங்கள் மடுவுக்கும், கடல் கடந்து இராமேசுவரத்துக்கும் சென்றன. அவசரத்தில் பெட்டி கட்டியவர் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தை எடுத்து வைத்திருப்பார்; பாடசாலை மலரை எடுத்து வைத்திருக்கமாட்டார். அது குற்றமன்று. ஆனால் காகிதம் போன இடங்களிலே, பழைய வன்தட்டில் கிடக்கும் கோப்பு ஒன்றே மூலமாகிவிடுகிறது. ஆகையால் அந்த அம்பு அசைவதும் அசையாதிருப்பதும் விளையாட்டுக் காரியமன்று.

சுட்டி என்று பாடநூல்களும், மவுஸ் என்று ஊராரும் அழைக்கும் இக்கருவி, 1964ஆம் ஆண்டளவில் அமெரிக்காவிலே டக்ளஸ் எங்கெல்பார்ட் என்பாரின் ஆய்வுக் குழுவிற் பிறந்தது. முதற் சுட்டி மரத்தாற் செய்யப்பட்டது. அடியிலே இரண்டு சில்லுகள் இருந்தன. பிற்காலத்தில் வீடுகளுக்கும் காரியாலயங்களுக்கும் வந்து சேர்ந்த சுட்டிகளிலே சில்லுகளுக்குப் பதிலாக ஒரு றப்பர்ப் பந்து உருண்டது. பந்து உருள, உள்ளேயுள்ள இரண்டு சிறிய உருளைகள் சுழலும். ஒன்று இடம் வலத்தையும், மற்றொன்று மேல் கீழையும் கணினிக்குச் சொல்லும். அவ்வுருளைகளிலே தூசு படிந்து, வளையம்போல் இறுகிவிடுவது வழக்கம். மணலும் உப்புக் காற்றும் நிறைந்த மன்னாரில் இதற்கு அதிக காலம் வேண்டியதில்லை. எனவே, நிபுணரைத் தேடுமுன் சுட்டியைப் புரட்டி, அடியிலுள்ள வட்ட மூடியைத் திருகிப் பந்தை வெளியே எடுத்து, உருளைகளிலுள்ள அழுக்கைச் சுரண்டிவிடுதல் நன்று. அம்பு தயங்கித் தயங்கி ஓடுமாயின் காரணம் பெரும்பாலும் இதுவே.

அம்பு அறவே அசையாதிருந்தால், சிக்கல் பெரும்பாலும் செருகியிலே இருக்கும். சுட்டியின் செருகிகள் மூன்று வகைப்படும். மிகப் பழையது ஒன்பது முனைகள் கொண்ட தொடர் துறைச் செருகி. அடுத்தது 1987ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தின் பிஎஸ்/2 கணினிகளோடு பரவிய வட்டச் செருகி. மூன்றாவது இக்காலத்துத் தட்டையான யூஎஸ்பி செருகி. பழைய சுட்டி பழுதடைந்துவிட்டதென்று கடையிலே புதியதொன்றை வாங்கி, கூடவே யூஎஸ்பியை வட்டச் செருகியாக மாற்றும் சிறிய இணைப்பியையும் வாங்கி வந்து பொருத்துவார்கள். சுட்டி அசையாது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஏசுவார்கள். உண்மையில் அவ்விணைப்பி கம்பிகளை இடம் மாற்றிக் கொடுப்பதேயன்றி, மொழிபெயர்ப்பதன்று. வட்டத் துறையின் பேச்சும் யூஎஸ்பியின் பேச்சும் வேறு வேறு. இரண்டையும் பேசத்தக்க சுட்டிகள் ஒரு காலத்திலே விற்கப்பட்டன. அத்தகைய சுட்டிக்கு மட்டுமே அவ்விணைப்பி உதவும்.

தலைமன்னாரை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. 1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964ஆம் ஆண்டு டிசெம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. ஒரு கரையிலே இறங்குதுறை நிற்பது மாத்திரம் போதாது. மறுகரையிலும் அதற்கேற்ற துறை வேண்டும். கணினியின் துறைகளும் அவ்வாறே. 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 24ஆம் திகதி வெளிவந்த வின்டோஸ் 95, தன் முதற் பதிப்பிலே யூஎஸ்பி என்பதை அறியாது. 1998இல் வந்த வின்டோஸ் 98 அதனை அறியும். ஆயினும் இன்றைய பேனைபோன்ற சேமிப்புக் கருவியைச் செருகினால், தனி இயக்கி மென்பொருள் கேட்டு நிற்கும்.

ஆகவே பழைய கணினிக்குப் பழைய செருகியுடைய சுட்டியைத் தேடிப் பிடிப்பதே நேர்வழி. அதனைக் கணினி அணைந்திருக்கும்போதே பொருத்தவேண்டும். பழைய முறைமைகள் எழும்பும் வேளையிலேதான் சுட்டி உண்டோ என்று பார்க்கும். பின்னர் வந்து கதவைத் தட்டினால் திறவா. தொடர் துறைச் சுட்டியின் ஒழுங்கு இன்னும் சுவையானது. மின் கிடைத்தவுடன் அது ‘எம்’ என்னும் ஆங்கில எழுத்தை அனுப்பித் தன் வரவை அறிவிக்கும். இயக்கி அதைக் கேட்டால் சுட்டி உண்டென்று கொள்ளும். வரவு கூப்பிடும் நேரத்தில் வாய் திறவாத மாணவன் வகுப்பில் இருந்தும் இல்லாதவன் ஆகிறான் அல்லவா?

டொஸ் முறைமைக்கு இன்னுமொரு வேடிக்கையுண்டு. அதற்குச் சுட்டியைப் பற்றிய அறிவு இயல்பாக இல்லை. கணினி எழும்பும்போது படிக்கப்படும் ஓட்டோஎக்ஸெக் என்னும் கட்டளைக் கோப்பிலே, சுட்டியின் இயக்கியை ஏற்றும் வரி ஒன்றை எழுதவேண்டும். 1992இல் வந்த வின்டோஸ் 3.1 தனக்கென வேறோர் இயக்கியை வைத்திருக்கிறது. இதனால் வின்டோஸிலே துள்ளியோடும் சுட்டி டொஸிலே உயிரற்றுக் கிடப்பதும், டொஸிலே ஓடுவது வின்டோஸில் நின்றுவிடுவதும் உண்டு. மூல வட்டு தொலைந்தவர்களுக்கு கியூட்மவுஸ் என்னும் இலவச இயக்கி உதவும். அது தொடர் துறைச் சுட்டியையும் வட்டச் செருகிச் சுட்டியையும் அறிந்துகொள்ளும்.

ஒரு சுட்டியும் அகப்படவில்லையெனில் கை கட்டி நிற்க வேண்டியதில்லை. கொன்ட்ரோல், எஸ்கேப் ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வின்டோஸ் 95இன் தொடக்கப் பட்டியல் விரியும். அம்புக்குறி விசைகளால் அதிலே நடக்கலாம். அணுகல் வசதிகள் நிறுவப்பட்டிருந்தால், இடப்பக்கத்து ஓல்ட்டையும் ஷிப்டையும் பிடித்துக்கொண்டு நம்லொக்கை அழுத்தினால், எண் விசைகளே சுட்டியாகிவிடும். விசைப்பலகையை மட்டுமே பயன்படுத்திப் பழகியவர்களுக்கு இவையெல்லாம் கைவந்த கலை. இளையோரே திகைப்பர்.

அம்பு அசைந்தது, கோப்பும் கண்ணிற்பட்டது. ஆனால் அதனைத் திறக்கும் மென்பொருள் வேண்டுமே. மலர்கள் பல பேஜ்மேக்கர் என்னும் பக்க வடிவமைப்பு மென்பொருளிலே உருவாயின. 1985இல் ஓல்டஸ் நிறுவனம் வெளியிட்ட அம்மென்பொருள் 1994இல் அடோபியின் கைக்கு மாறி, 2001இல் ஏழாம் பதிப்போடு நின்றுவிட்டது. அதன் பிற்காலக் கோப்புகளைத் திறக்கவல்ல இன்டிசைன் பதிப்புகளும் 2012ஆம் ஆண்டோடு முடிந்தன. இன்றைய புதிய கணினியிலே அக்கோப்பு ஒரு பூட்டிய பெட்டி. வின்டோஸ் 3.1 காலத்துப் பதினாறு பிற்று மென்பொருள்களை அறுபத்துநான்கு பிற்று வின்டோஸ் ஏற்கவே ஏற்காது. டொஸ்பொக்ஸ் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு, புதிய கணினிக்குள்ளே ஒரு பழைய கணினியின் சாயலை அமைத்து, டொஸையும் வின்டோஸ் 3.1ஐயும் அதனுள் ஓட்டலாம். அங்கேயும் சுட்டி ஒரு விளையாட்டுக் காட்டும். உட்புறத்துச் சாளரம் அதனைப் பிடித்துக்கொண்டு வெளியே விடாது. கொன்ட்ரோலையும் எப் 10ஐயும் அழுத்தினால் விட்டுவிடும்.

இனி மிக முக்கியமானது எழுத்துரு. யூனிக்கோட் தரத்தில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தபோதிலும், வின்டோஸ் வரிசையிலே தமிழ் இயல்பாக வந்தது வின்டோஸ் 2000 உடன்தான். அதற்கு முன் தமிழை எழுத ஓர் உபாயம் செய்தார்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்திலே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். இலங்கையிலே பெரிதும் வழங்கிய பாமினி எழுத்துரு அத்தகையது. அதன் விசை ஒழுங்கு பழைய தட்டச்சுப் பொறியை ஒட்டியது. சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்கு அமைத்த தட்டச்சுப் பொறி மரபிலே பயின்றவர்களுக்கு அது எளிதாயிற்று. ஆனால் கணினியின் உள்ளத்திலே அது தமிழன்று. ‘தமிழ்’ என்று திரையிலே காண்பது, கோப்பிலே ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என்றே கிடக்கிறது. ‘மன்னார்’ என்பது கே, டி, அரைப்புள்ளி, டி, எச், யூ, அரைப்புள்ளி. எழுத்துரு தொலைந்த கணினியில் அக்கட்டுரையைத் திறந்தால், ஊர் வரலாறு முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தெரியும். பழுதான கோப்பென்று எண்ணி அழித்துவிட்டவர்களும் இருக்கக்கூடும். அதுவே எல்லாவற்றிலும் பெரிய நட்டம். ஆகையால் பழைய கணினியிலிருந்து கோப்பை எடுக்கும்போது எழுத்துருவையும் உடன் எடுத்துக்கொள்ளுதல் வேண்டும்.

பாமினியிலிருந்து யூனிக்கோடுக்கு மாற்றும் கருவிகள் இணையத்திலே இலவசமாகக் கிடைக்கின்றன. அவை எழுத்துக்கு எழுத்து மாற்றுவதோடு, வரிசையையும் திருத்துகின்றன. பாமினியிலே ஒற்றைக் கொம்பு முன்னும் மெய்யெழுத்து பின்னுமாக நிற்கும். யூனிக்கோடிலே மெய் முன்னும் கொம்பு பின்னும். ஆனால் கருவிக்குக் கண் இல்லை. கட்டுரையின் இடையே ஆங்கிலத்தில் எழுதிய பெயர் ஒன்று இருந்தால், அதையும் தமிழென்று எண்ணிச் சிதைத்துவிடும்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னே செய்யவேண்டியதைப் பின்னே சொல்ல நேர்ந்தது. பழைய கணினியை அடிக்கடி இயக்கிச் சோதிப்பதற்கு முன், அதன் வன்தட்டைக் கழற்றி, தகுந்த இணைப்பியின் வாயிலாக இன்னொரு கணினியிற் பொருத்தி, முழுத் தட்டையும் அவ்வண்ணமே பிரதி செய்துகொள்ள வேண்டும். பழைய தட்டு எந்த நாளில் நின்றுவிடும் என்று யாரும் சொல்ல இயலாது. உள்ளே இருக்கும் சிறிய மின்கலத்தையும் பார்க்கவேண்டும். நாணயம் போன்றது தீர்ந்துபோனால், கணினி திகதியையும் தன் தட்டையும் மறந்துபோகும். புதியது இட்டு, அவற்றை மீண்டும் பதிந்துவிட வேண்டும். மிகப் பழைய கணினிகளிலுள்ள உருளை வடிவக் கலமோ கசிந்து, பலகையையே அரித்துவிடும். அதனை உடனே அகற்றிவிட வேண்டும். மூலப் பிரதியைப் பத்திரமாக வைத்துவிட்டு, மாற்று வேலைகளையெல்லாம் இன்னொரு பிரதியிலே செய்வது நன்று. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்திலே ஈழத்து மலர்களும் இதழ்களும் பெருந்தொகையாகச் சேர்ந்திருக்கின்றன. தேடும் மலரின் அச்சுப் பிரதி அங்கே இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடலாம்.

மாற்றிய பிரதியை, ஊரறிந்த ஒருவர் பக்கத்திலிருக்க, வாய்விட்டு வாசிக்க வேண்டும். தாழ்வுபாடு, விடத்தல்தீவு, நானாட்டான் என்னும் பெயர்களில் ஒரு கால் விடுபட்டாலும் கருவிக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். முதன்முதல் அதனைத் தட்டச்சுச் செய்தவர் இன்னும் ஊரில் இருப்பாராயின், துணியை நீக்குமுன்னரே அவரை அழைத்து வந்து அருகில் ஒரு கதிரை போடுவது நன்று. எந்தக் கோப்பை எந்தப் பெயரில் வைத்தார், எந்த எழுத்துருவில் எழுதினார், கடவுச்சொல் என்ன என்பவை அவர் ஒருவருக்கே தெரிந்திருக்கும்.