முதலில் கயிறு போகட்டும்
(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், மீட்புப் பயிற்சி பெற்ற உறுப்பினர் ஒருவர் பேசியது)



இன்னைக்கு நான் கடன், வட்டி பத்திப் பேச வரலை. நம்ம ஊர்க் கிணற்றைப் பத்திப் பேச வந்திருக்கேன். கிணற்றில் ஒருத்தர் விழுந்துட்டா நாம என்ன செய்றோம்? எல்லாரும் ஓடிப்போய்ச் சுத்தி நின்னு எட்டிப் பார்க்கிறோம். யாராவது ஒருத்தர் குதிச்சிடுறார். இந்த ரெண்டுமே ஆபத்து.

2021 ஜூலையில் மத்தியப் பிரதேசம் விதிஷா மாவட்டத்தில் ஒரு சிறுவன் கிணற்றில் விழுந்தான். காப்பாற்ற வந்த கூட்டத்தின் பாரம் தாங்காமல் கிணற்றின் மேல்பகுதி இடிந்தது. 11 பேர் இறந்தார்கள். அதே மாநிலம் காண்ட்வா மாவட்டத்தில் 2025 ஏப்ரலில் கிணறு தூர்வார இறங்கியவர்கள் விஷவாயுவில் மயங்கினார்கள். அவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்களும் சேர்ந்து 8 பேர் இறந்தார்கள்.

நானும் ஒருமுறை குதிக்கத்தான் போனேன். என் மாமியார் முந்தானையைப் பிடிச்சு இழுத்துட்டாங்க. அன்னைக்குக் கேனில் கயிறு கட்டி இறக்கித்தான் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் காப்பாற்றினோம். அதுக்கப்புறம்தான் நான் பயிற்சிக்கே போனேன்.

பயிற்சி பெற்ற குழு இறங்கும்போது ரெண்டு கயிறு இருக்கும். ஒண்ணு ஆளைத் தாங்கும். இன்னொண்ணு, அது அறுந்தால் காப்பாற்றும். ரெண்டையும் வெவ்வேறு உறுதியான மரத்தில் கட்டுவாங்க, கைப்பிடிச் சுவரில் கட்ட மாட்டாங்க. விளிம்பில் உரசி அறுகாம இருக்கக் கயிற்றுக்கு அடியில் சாக்கு போடுவாங்க. ஒருத்தர் மட்டும்தான் உத்தரவு கொடுப்பார்.

நாம செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. உடனே 101 அல்லது 112-க்குப் போன் செய்யுங்க.

2. கூட்டத்தைக் கிணற்றை விட்டுத் தள்ளி நிறுத்துங்க.

3. மூடி இறுக்கின காலி பிளாஸ்டிக் கேனில் கயிறு கட்டி இறக்குங்க. மறுமுனையை மரத்தில் கட்டுங்க. விழுந்தவர் கேனைப் பிடிச்சு மிதக்கட்டும். தீயணைப்பு வண்டி வரும்வரை தைரியம் சொல்லிப் பேசிக்கிட்டே இருங்க.

4. இடுப்பில் சுருக்குப் போட்டு இழுக்காதீங்க. இழுக்க இழுக்க அது இறுகும்.

5. உள்ளே இறங்கினவர் மயங்கிட்டா, அடுத்தவர் இறங்கவே கூடாது. விஷவாயு கண்ணுக்குத் தெரியாது.

சகோதரிகளே, அடுத்த குழுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்க. நல்ல நைலான் கயிறு ஒண்ணு, மூடியோட கேன் ஒண்ணு வாங்கி, எல்லாருக்கும் தெரிஞ்ச வீட்டில் வையுங்க. அந்தக் கயிற்றில் மாடு கட்டாதீங்க, துணி காயப்போடாதீங்க. ஓர் உயிரைக் காப்பாற்றப் போய் இன்னொரு உயிர் போகக் கூடாது.