தோற்கடித்தவரின் பெயர்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரை)



இலக்கிய நிகழ்ச்சியிலே மற்போரைப் பற்றிப் பேச வந்துவிட்டானே என்று நீங்கள் நினைக்கக்கூடும். நான் பேச விரும்புவது பிழைகளைப் பற்றி. எழுதுகிறவர்களுக்கு அது பழக்கமான சங்கதிதான்.

சில வருடங்களுக்கு முன் ரொறன்ரோவில் என் தமக்கையின் வீட்டில் ஆறு மாதம் தங்கியிருந்தேன். மருமகன் மாலை வேளைகளில் 'பிரேசிலிய ஜியு ஜிட்சு' பழகப் போவான். பனிக்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த என்னையும் ஒருநாள் இழுத்துக்கொண்டு போனான். எனக்கு அப்போது 46 வயது.

இந்தப் பயிற்சியில் அடி, உதை இல்லை. எதிராளியின் கையையோ கழுத்தையோ ஒரு பிடிக்குள் கொண்டுவருவதே நோக்கம். பிடி இறுகியதும் அகப்பட்டவர் எதிராளியின் உடம்பில் தட்டவேண்டும். உடனே பிடி விடப்படும். பின்னர் கைகுலுக்கிவிட்டு மறுபடி தொடங்குவார்கள். ஒரே மாலையில் பத்துத் தடவை தோற்றாலும் யாரும் கணக்கு வைப்பதில்லை.

எனக்குச் சோடியாக வாய்த்தவள், என்னைவிட எடை குறைந்த ஒரு பல்கலைக்கழக மாணவி. அவள் மல்லாந்து படுத்து, இரு கால்களாலும் என் இடுப்பை வளைத்துப் பூட்டிக்கொள்வாள். மேலே இருப்பவன் நான்தானே என்ற எண்ணத்தில் முன்னே சாய்வேன். சமநிலை தவறும். விழாமல் இருக்க ஒரு கையைப் பாயில் ஊன்றுவேன். அவ்வளவுதான். அந்த மணிக்கட்டைப் பற்றி, எழுந்து, மற்றக் கையை என் கைக்கு மேலாகச் சுற்றித் தன் மணிக்கட்டோடு பூட்டி, என் கையை முதுகுப் பக்கமாக முறுக்குவாள்.

இரண்டு தடவை தட்டினேன். மூன்றாவது தடவை தட்ட மனம் வரவில்லை. வயது, ஆண் என்ற நினைப்பு, பார்த்துக்கொண்டு நின்ற மருமகன், எல்லாம் தடுத்தன. தோளிலே ஏதோ நெரிபட்டது. பயந்துபோய்ப் பிடியை விட்டவள் அவள்தான். மன்னிப்புக் கேட்டவளும் அவளே.

திரும்பும் வழியில் மருமகன் சொன்னான்: "மாமா, கையை ஊண்டினது இல்லைப் பிழை. அதுக்கு முதலே அவசரப்பட்டு முன்னுக்குச் சாய்ஞ்சனீங்கள், அங்கதான் பிழை. தட்டியிருந்தா உடன திருப்பிச் செய்து பாத்திருக்கலாம். இனி எத்தினை கிழமை சும்மா இருக்கவேணுமோ!"

ஆறு கிழமை இருந்தேன். சட்டை போடவும் ஒருவர் உதவவேண்டியிருந்தது. அந்த நாட்களிலே, என்னை வீழ்த்திய பிடிக்குக் 'கிமுரா' என்ற பெயர் வந்த கதையைத் தேடிப் படித்தேன்.

1914 இல் மிட்சுயோ மயேடா என்ற ஜப்பானிய ஜூடோ வீரர் பிரேசிலுக்கு வந்தார். அவரிடம் பழகியவர் கார்லோஸ் கிரேசி. அந்தக் குடும்பம் வளர்த்ததே இந்தக் கலை. கார்லோசின் தம்பி ஹெலியோ மெலிந்த தேகக்காரர். 1951 இல் ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா மைதானத்தில் அவர் ஜப்பானின் மசாஹிக்கோ கிமுராவோடு மோதினார். கிமுரா இதே பிடியைப் போட்டார். ஹெலியோ தட்டவில்லை. அண்ணன் கார்லோஸ்தான் துவாயை எறிந்து போட்டியை நிறுத்தினார்.

ஜூடோவில் அந்தப் பிடிக்கு 'உடே கராமி' என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. ஆனால் பிரேசிலிலே அதற்குத் தங்களை வென்றவரின் பெயரையே வைத்தார்கள். தோல்வியை மறைக்காமல் பாடத்தில் சேர்த்துவிட்டார்கள். களத்திலே தட்ட மறுத்த வீம்பைவிட, பிற்பாடு வந்த இந்தப் பணிவே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

தோள் ஆறியபின் திரும்பப் போனேன். அதே மாணவியோடு, அதே நிலையிலிருந்து, மெதுவாகப் பழகினேன். ஓர் அப்பியாசக் கொப்பியில் ஒவ்வொரு மாலையும் இரண்டு விடயங்களை எழுதினேன்: எங்கே தட்டினேன், அதற்கு முதல் என்ன செய்தேன். முதுகை நிமிர்த்தி இருக்கக் கற்றதும் அந்தப் பிடி அவளுக்கு இலகுவில் அகப்படவில்லை. கழுத்தைப் பிடிக்கத் தொடங்கினாள். கொப்பியில் அதையும் எழுதினேன்.

கொழும்புக்குத் திரும்பியதும் மேசை லாச்சியிலிருந்து ஒரு பழைய சிறுகதையை எடுத்தேன். "முடிவு ஒட்டவில்லை" என்று பென்சிலால் எழுதி ஓர் ஆசிரியர் எனக்குத் திருப்பி அனுப்பியது. அன்று கோபத்தோடு மூடிவைத்தேன். பின்னர் அவரை வழியில் கண்டும் பேசாமல் போயிருக்கிறேன்.

இப்போது வாசித்தபோது, முடிவு ஒட்டாததன் காரணம் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கதை தள்ளாடிய இடத்தில், வாசகரின் இரக்கத்தைப் பெறுவதற்காக அவசரமாக ஒரு தாயைச் சாகடித்திருந்தேன். பாயில் கையை ஊன்றிய மாதிரித்தான். அங்கிருந்து திருத்தி எழுதினேன். கதை இன்னும் அச்சேறவில்லை. அந்த ஆசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்றால், அவர் இன்று உயிரோடு இல்லை.

அவருக்குச் சொல்லவேண்டிய நன்றியைத்தான் இந்த உரையில் சொல்லியிருக்கிறேன்.