சூரைச் செடியின் அடியில்



அரசர்கள் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தில் இறைவாக்கினர் எலியா பாலைநிலத்தில் ஒரு சூரைச் செடியின் அடியில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். கர்மேல் மலையில் பெரும் வெற்றி கண்டவர். ஈசபேலின் கொலைமிரட்டலுக்குப் பின், தம் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் மன்றாடுகிறார். அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? ஆனால் நம் பங்கில் ஒருவர் மனச்சோர்வில் விழுந்தால் அதைத்தான் சொல்கிறோம். "செபமாலை சொல்லுங்கள், சரியாகிவிடும்" என்கிறோம். செபமாலை நல்லதுதான். ஆனால் சர்க்கரை நோயாளியிடம் மாத்திரையை நிறுத்தச் சொல்வதில்லையே!

மனத்தின் வேதனை உடலுக்குள்ளும் இறங்குகிறது. 1990ஆம் ஆண்டு ஜப்பானிய மருத்துவர்கள் ஓர் இதய நோய்க்குத் 'தாகோட்சுபோ' என்று பெயரிட்டார்கள். நம் கடற்கரையில் பேய்க்கணவாய் என்கிறோமே, அந்த ஆக்டோபஸைப் பிடிக்க அங்குள்ள மீனவர் கடலில் இறக்கும் பானையின் பெயர் அது. கணவரையோ பிள்ளையையோ இழந்த அதிர்ச்சியில், இதயத்தின் இடது கீழறை அந்தப் பானைபோல உப்பிவிடுகிறது. நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் மாரடைப்பைப் போலவே இருக்கும். ஆனால் நோய்க்குக் காரணமான அடைப்பு இரத்தக் குழாயில் இருக்காது. வயதான பெண்களுக்கே மிகுதியாக வருகிறது. பெரும்பாலோர் சில வாரங்களில் தேறுகிறார்கள். சிலர் இறந்தும் போகிறார்கள். 'நெஞ்சு வெடித்துச் செத்தாள்' என்று நம் பாட்டிமார் சொன்னது வெறும் பேச்சல்ல.

நெடுநாள் மனச்சோர்வு மெல்ல வேலை செய்கிறது. கனடாவின் மான்ட்ரியால் நகரில் மாரடைப்பு வந்த 222 பேரைக் கவனித்து 1993இல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்திற்குள் இறக்கும் ஆபத்து மனச்சோர்வு உள்ளவர்களுக்கே மிக அதிகமாக இருந்தது. அவர்களுக்குத் தூக்கம் கெடுகிறது. மருந்து சாப்பிடவும் நடக்கவும் மனம் வருவதில்லை. மூளையில் நினைவைப் பேணும் ஹிப்போகாம்பஸ் பகுதி இத்தகையோரில் பலருக்குச் சற்றுச் சிறுத்திருப்பதை ஸ்கேன் படங்கள் காட்டுகின்றன. "ஒன்றும் நினைவில் நிற்கவில்லை, சாமி" என்பவர் சாக்குச் சொல்லவில்லை.

எலியாவிடம் வந்த வானதூதர் புத்தி சொல்லவில்லை. தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் குவளையில் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டு, குடித்து, மறுபடி படுத்துக்கொண்டார். வானதூதர் தூங்கவும் விட்டார். இரண்டாம் முறையும் வந்து சாப்பிடச் சொன்னார். ஓரேபு மலையில் ஆண்டவர் பேசியது அதற்குப் பின்புதான்.

மருத்துவரைப் படைத்தவரும் ஆண்டவரே என்று சீராக்கின் ஞான நூல் 38ஆம் அதிகாரம் கற்பிக்கிறது. மாரடைப்பு வந்து வீடு திரும்பியவர் இரண்டு வாரமாக எதிலும் நாட்டமின்றி இருந்தால், மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். சாக வேண்டும் என்று பேசுபவரைத் தனியாக விடாதீர்கள். அரசின் டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

துக்க வீடுகளுக்கு முப்பதாம் நாள் திருப்பலிக்குப் பின் நாம் போவதே இல்லை. இந்த வாரம் அப்படி ஒரு வீட்டுக்குப் போங்கள். சாப்பிட ஏதாவது எடுத்துச் செல்லுங்கள்.