வேலியில் வளரும் பசளை: ஆடாதோடை



கோடையிலும் இலையுதிராது வேலியோரத்தில் பச்சையாய் நிற்கும் ஒரு செடியைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகின்றோம். அதுவே ஆடாதோடை. இருமலுக்குக் கசாயம் வைக்கும் மூலிகையாக அதனை யாவரும் அறிவர். வயலுக்கும் தோட்டத்துக்கும் அதன் இலை நல்ல பசுந்தாட் பசளை என்பதையோ பலர் மறந்துவிட்டனர்.

2021ஆம் ஆண்டிலே செயற்கைப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள் தடை நீங்கியதாயினும், அது கற்பித்த பாடம் நீங்கலாகாது. பசளை கிடையாத வேளையில் இலை தேடிப் புறப்படுபவனுக்கு இலை கிடையாது. முந்திய மாரியிலே நட்டவனுக்கே கிடைக்கும்.

ஆடாதோடையை நடுதல் எளிது. ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கியதும், முற்றியும் முற்றாததுமான கிளைகளை எட்டு அங்குல நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டிலும் மூன்று நான்கு கணுக்கள் இருத்தல் வேண்டும். இரண்டு கணுக்கள் மண்ணுள் மறையும்படி, ஓரடி இடைவெளியில் வேலி நெடுகிலும் ஊன்றுங்கள். வெள்ளம் தேங்கி நிற்கும் இடத்தைத் தவிருங்கள். முதற் கோடையில் மட்டும் இடையிடையே நீர் வார்த்தால், பின்னர் அது தானே தழைக்கும். இலை கசப்பாதலால் ஆடுமாடுகள் பெரும்பாலும் அதனைக் கடிப்பதில்லை. ஓராண்டு கழித்து, முழங்கால் உயரத்துக்கு மேலுள்ள கிளைகளை வெட்டி எடுக்கலாம்; வெட்டிய இடத்தில் மீண்டும் துளிர்க்கும்.

இனி இலையை இடும் முறையைக் கவனியுங்கள். இலையையும் இளந்தண்டையும் மாத்திரம் எடுங்கள். தடித்த தண்டு உக்குவதற்கு நாட் செல்லும். அதுவரையில் மண்ணிலுள்ள நைதரசனையும் அது தன்பாற் பிடித்துக்கொள்ளும். வயலிலே சேற்றுழவின்போது இலையைப் பரப்பி மிதித்து அமிழ்த்தி, இரண்டு கிழமை பொறுத்து நாற்று நடுங்கள். அவசரப்பட்டு உடனே நட்டால், நீருள் அழுகும் இலையிலிருந்து தோன்றும் அமிலங்கள் இளவேரைத் தாக்கும், பயிர் மஞ்சளிக்கும். மிளகாய், கத்தரித் தோட்டங்களில் இலையை மண்ணுட் புதைத்து, ஈரங் காத்து, அதேயளவு காலம் பொறுத்தபின் கன்று நடுங்கள்.

ஓர் உண்மையையும் மறைக்கலாகாது. ஆடாதோடை அவரையினத்தைச் சேர்ந்ததன்று. காற்றிலுள்ள நைதரசனை அது பிடித்துத் தராது. வேலியோர மண்ணிலிருந்து தன் வேர் திரட்டிய சத்தையே இலையாகத் தருகின்றது. ஐம்பது கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. பச்சையிலையிலோ பெரும்பங்கு நீரே. எனவே இலையை மட்டும் நம்பி யூரியாவை முற்றாகக் கைவிட்டால் விளைச்சல் குறையும். ஆயினும் இலை மண்ணை இளக்கும், ஈரத்தைக் காக்கும், மூட்டையில் வராத சேதனப் பொருளை மண்ணுக்கு ஊட்டும். இரண்டையும் சேர்த்து இடுபவனே விவேகி.

மற்றுமொரு எச்சரிக்கை: கருவுற்ற பெண்கள் ஆடாதோடைக் கசாயத்தை அருந்தலாகாது. அது கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

கமக்காரர்களே, இதற்குக் காசு வேண்டியதில்லை. அயலவரின் வேலியிலிருந்து ஒரு கட்டுக் கிளை போதும். வருகின்ற மாரியிலே நடுங்கள். அடுத்த மாரிக்கு உங்கள் பசளையில் ஒரு பங்கு உங்கள் வேலியிலேயே நிற்கும்.