சிற்றுருவ இரயிலும் காற்றுத் தூரிகையும்

(ஸ்ரீவராகத்தில் நம் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கழுத்துருட்டியிலுள்ள பதின்மூன்று கண் பாலத்தையும், அதன்மீது செல்லும் மீட்டர்கேஜ் வண்டியையும் சிற்றுருவமாகச் செய்து அடுத்த ஆண்டு விழாவில் வைப்பதென நம் சிறுவர்கள் துணிந்திருக்கின்றனர். கொல்லம் – செங்கோட்டைப் பாதை 1904-இல் திறக்கப்பட்டது. நம்மவர் பலர் மலை கடந்து இந்நாட்டுக்கு வந்துபோன பாதை அது. 2018-இல் முழுவதும் அகலப் பாதையாகிவிட்டது. பாலம் இன்றும் நிற்கிறது. வண்ணம் பூச ஏர்பிரஷ் எனப்படும் காற்றுத் தூரிகை ஒன்று வாங்கச் செயற்குழு இசைந்துள்ளது. எதை வாங்குவது என்று கூறும் பணி, இரயில்வே குமாஸ்தா என்பதாலோ என்னவோ, என் தலையில் விழுந்தது.

சாதாரணத் தூரிகை போதாதோ என்று சிலர் வினவினர். கணக்கைப் பாருங்கள். நம் சிற்றுருவம் 87-இல் ஒரு பங்கு. அதன்மேல் 0.1 மில்லிமீட்டர் கனத்தில் வண்ணம் பூசினால், மெய்யான பெட்டியின்மேல் 8.7 மில்லிமீட்டர் கனத்தில் பூசியதற்கு ஒப்பாகும்! எஞ்சினில் 20 மில்லிமீட்டர் அகலமுள்ள ரிவெட் தலை, நம் மேசைமீது கால் மில்லிமீட்டர்கூட இராது. மயிர்த் தூரிகை அதனை மூழ்கடித்துவிடும்.

காற்றுத் தூரிகைகளுள் எளியது ஒற்றை இயக்கமுடையது. விசையை அழுத்தினால் காற்று வரும். வண்ணத்தின் அளவை முன்னரே திருகி வைக்க வேண்டும். அமெரிக்காவின் பாஷே எச் இவ்வகை. வண்ணப் புட்டி கீழே தொங்க, காற்றும் வண்ணமும் முனைக்கு வெளியே கலக்கின்றன. கழுவுவது எளிது, பாலத்தின் கற்களுக்கு இது தாராளமாகப் போதும். ஆனால் தூவல் சற்றே பருமணலாக விழும். காற்றழுத்தமும் கூடுதலாக வேண்டும்.

இரட்டை இயக்கத்தில் விசையை அழுத்தினால் காற்று, பின்னிழுத்தால் வண்ணம். கை பழகச் சில வாரங்கள் ஆகும். எனினும் புகைபோக்கியருகே கரி படிந்த சாயலைச் சிறிது சிறிதாகத் தேய்ந்து மறையுமாறு காட்ட இதுவே வல்லது. கிண்ணம் மேலே அமைந்திருந்தால் வண்ணம் தானே இறங்கும். பத்துச் சொட்டு போதும், வீணாவதில்லை. பேட்ஜர் பேட்ரியட் 105-க்கு முனைத்துளை 0.5 மில்லிமீட்டர், ஜப்பானிய இவாட்டா எக்லிப்ஸுக்கு 0.35. முன்னது எளிதில் அடைக்காது, பின்னது நுண்மையானது. சிறுவர் பலர் கைமாறும் கருவிக்கு, நுண்மையைச் சற்றே விட்டுக்கொடுத்து, பேட்ரியட்டையே நான் பரிந்துரைப்பேன். 0.2 துளையெல்லாம் கைதேர்ந்தார்க்கே உரியது.

இனி முக்கியமான செய்தி. தூரிகையில் மிச்சம் பிடித்தாலும் பிடிக்கலாம், கம்ப்ரஸரில் பிடித்தல் ஆகாது. இடவப்பாதியிலும் துலாவர்ஷத்திலும் நம் ஊர்க் காற்றில் எத்துணை ஈரம் என்பது துணி உலர்த்தும் தாய்மார்களுக்குத் தெரியும். அக்காற்றை நெருக்கினால் சூடேறும். குழாயில் குளிரும்பொழுது நீர்த்துளியாகி, வண்ணத்தோடு வெளிவந்து பெட்டியில் புள்ளி வைக்கும். ஆகையால் காற்றுத் தொட்டியும் நீர்பிடிப்பானும் உள்ள கம்ப்ரஸரே வேண்டும். நீர்பிடிப்பான் சூடான வாயருகில் இராமல், காற்று ஆறியபின் வரும் இடத்தில் இருத்தல் நலம்.

தின்னர் கலந்த லாக்கர் வண்ணங்களை நான் வேண்டாமென்பேன். அவற்றின் ஆவி தீது; ஈர நாளில் பூச்சும் வெளிறிப் பூக்கும். நீரில் கரையும் அக்ரிலிக்கைப் பால்போல் நீர்க்கச் செய்து, 15 முதல் 20 பவுண்டு அழுத்தத்தில் தூவலாம். அதன் நுண்திவலையும் நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் அணியாத பிள்ளைக்குத் தூரிகை தருவதில்லை என்று செயற்குழு இப்பொழுதே தீர்மானிக்க வேண்டும். பூட்டிய அறையிலும் கூடாது. சங்கக் கட்டடத்துத் தாழ்வாரம் நன்று, காற்று ஓய்ந்த காலைவேளையில்.

அக்ரிலிக் முனையிலேயே காய்ந்து அடைக்கும். வேலை முடிந்தவுடன் கழுவிவிட வேண்டும். ஊசியைக் கழற்றும்போது ஒரு முறை கீழே விழுந்தால் போதும், முனை வளைந்துவிடும். எனவே உபரியாக ஓர் ஊசியும் ஒரு முனைக்குழலும் சேர்த்து வாங்குமாறு பொருளாளர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.