தேயிலை நாற்றுப்பைக்கு ஏற்ற மண் கலவை

(கோத்தகிரி வட்டாரச் சிறு தேயிலை விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆலையும் அத்தியையும் சிறு தொட்டியில் குறுக்கி வளர்க்கும் போன்சாய் மரங்களைக் கண்காட்சிகளில் பார்த்திருப்பீர்கள். நம் தேயிலையும் கவாத்து செய்யாமல் விட்டால் மரமாக ஓங்கிவிடும் பயிர்தான். தொட்டி மரத்திற்கும் நாற்றுப்பைக் குச்சிக்கும் விதி ஒன்றே. வேர் ஓட வேறு இடமில்லை; நாம் நிரப்பும் மண்ணே அதற்கு எல்லாம்.

ஒரு விவசாயியின் நாற்றங்காலில் பாதிக்கு மேல் குச்சிகள் வேர் பிடிக்கவில்லை. பிடுங்கிப் பார்த்தோம். அடிப்பாகம் கட்டிபோல் தடித்திருந்ததே தவிர வேர் விடவில்லை. உரமாகட்டும் என்று மண்ணில் அடுப்புச் சாம்பலைக் கலந்திருந்தார். சாம்பல் மண்ணின் புளிப்பைக் குறைத்துவிட்டது.

மண் தேர்வு: கலவையின் கார அமில நிலை 4.5 முதல் 4.8 வரை இருப்பது நல்லது. ஆகவே மண்ணையும் மணலையும் முன்னதாகவே பரிசோதனைக்கு அனுப்புங்கள். நூற்புழு உள்ளதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கட்டட வேலையில் மிஞ்சிய மணலில் சுண்ணாம்போ சிமெண்டோ கலந்திருக்கலாம், அது வேண்டாம். காப்புக்காட்டில் மண் எடுப்பது குற்றம். சொந்த நிலத்தில் பயிர் செய்யாத இடத்து மண்ணே போதும்.

கலவை: மண்ணைச் சலித்துக் கல், வேர்களை நீக்குங்கள். 10 செ.மீ. அகலமும் 30 செ.மீ. உயரமும் உள்ள பாலிதீன் பையின் அடிப்பாதியில் துளையிட்டு, முக்கால் பாகம் வரை 3 பங்கு மண்ணும் 1 பங்கு மணலும் கலந்து நிரப்புங்கள். மேல் கால் பாகத்திற்கு அடிமண்ணும் மணலும் சம அளவு. குச்சி வேர் விடுவது இங்கேதான்; நீர் தேங்கினால் அழுகும். எருவோ, உரமோ, சாம்பலோ சேர்க்கக் கூடாது. ஈரக் கலவையைக் கையில் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராவிட்டால் மணல் போதவில்லை.

கார அமில நிலை 5-ஐத் தாண்டினால், 100 லிட்டர் நீரில் 2 கிலோ அலுமினியம் சல்பேட்டைக் கரைத்து ஊற்றி, பிறகு நல்ல நீர் விட்டு நன்கு கழுவ வேண்டும். மறுபடி பரிசோதித்த பின்னரே குச்சி நடுங்கள்.

தேயிலைச் செடி 50 ஆண்டுகளுக்கும் மேல் பலன் தரும். நாற்றுப்பையில் செய்த தவறைப் பின்னர் உரமிட்டுத் திருத்த முடியாது. பை நிரப்பும் முன் பிடி மண்ணைப் பரிசோதித்துப் பயன் பெறுமாறு கேட்டுக்கொள்கிறேன்.