பாடப்பெற்ற பட்டினமும் எண்ணப்பெற்ற பட்டினமும்

(மறிச்சுக்கட்டியில் உழவர்களும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



காணியைப் பற்றிப் பேசுவோம் என எதிர்பார்த்து வந்தவர்கள் உங்களுட் பலர். நாமோ இன்று பாட்டைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். பாட்டு வேறு, காணி வேறு என்று எண்ணிவிடாதீர்கள். ஓர் ஊரின் பெயரைக் காலங்கடந்தும் காத்து நிற்பது எது என்ற வினாவுக்கு விடை கண்டால், காணி வினாவின் ஒரு பகுதிக்கும் அதுவே விடையாகும்.

இம் மன்னார்க் கரையிலே இரண்டு பட்டினங்கள் இருந்தன. ஒன்று, வடக்கே பாலாவிக் கரையிலிருந்த மாதோட்டம். மற்றொன்று, நாம் கூடியிருக்கும் இம் மறிச்சுக்கட்டி. முன்னது பாடப்பெற்ற பட்டினம். பின்னது எண்ணப்பெற்ற பட்டினம். இவ்விரண்டின் கதையையும் அருகருகே வைத்து நோக்குவோம்.

மாதோட்டத்தை 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரும், அவருக்குப் பின் சுந்தரரும் பாடினர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதிகம். பாடியவர்கள் இக்கரைக்கு வந்தவர்களும் அல்லர். இராமேசுவரத்தில் நின்றே திருக்கேதீச்சரத்தைப் பாடினர் என்று பெரியபுராணம் கூறுகிறது. ஆயினும் அப்பாட்டுகளில் வெறும் கோயில் மட்டுமா உண்டு? மாவும் கமுகும் வாழையும் செறிந்த சோலை உண்டு. கப்பல்கள் மிகுந்த கடல் உண்டு. நகர் என்ற சொல்லும் உண்டு. கடலுக்கு அக்கரையிலே நின்றவருக்கும் தெரிந்திருந்த அளவுக்கு அது பேர்பெற்ற துறைமுகமாய் விளங்கிற்று. 1980ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் ஜோன் காஸ்வெல் என்னும் ஆய்வாளர் மாந்தையில் அகழ்ந்தபோது, சீனத்து மட்கலங்களும் மேற்காசிய மட்கலங்களும் அம்மண்ணிலிருந்து வெளிப்பட்டன. புலவர் பாடிய கப்பல்களுக்கு மண்ணே சாட்சி சொல்லிற்று.

சோழர் வந்தனர். மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று பெயரிட்டுக் கல்லிலும் வெட்டினர். அப்பெயரை இன்று கூறுவார் யார்? ஆராய்ச்சியாளரைத் தவிர ஒருவரும் இலர். கல்லில் வெட்டிய பெயர் மறைந்தது. நாவில் வழங்கிய பெயர் நின்றது. அப்பால் துறைமுகம் தளர்ந்தது. போர்த்துக்கேயர் காலத்தில் கோயிலும் இடிந்து, காடு மூடிற்று. அங்ஙனம் மூடிக்கிடந்த இடத்தை மீட்க வேண்டுமென 1872ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் குரல் கொடுத்தபோது, அவர் கையில் காணி உறுதி இருந்ததா? தோம்பு இருந்ததா? இல்லை. தமிழ் மக்கள் கோயில்தோறும் ஓதிவந்த பதிகங்களே இருந்தன. நாவலர் மறைந்த பின், 1893இல் அந்நிலம் விலைக்கு வாங்கப்பட்டது. 1894இல் பழைய இலிங்கம் வெளிப்பட்டது. இடையில் எத்தனையோ தலைமுறைகள் கழிந்தும் அந்த ஊர் எங்கே என்ற நினைவு அறவே அற்றுப்போகாமற் காத்தது பாட்டு அன்றோ?

இனி மறிச்சுக்கட்டிக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துக்குளிப்புக் காலம் வந்தால் இந்த மணல்வெளியிலே சில கிழமைகளுள் ஒரு பட்டினம் எழும். கிடுகுக் கொட்டில்கள், கடைத்தெரு, தபாற்கந்தோர், வைத்தியசாலை, பொலிசு, நீதிமன்று எல்லாம் எழும். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பாரசீகக் குடாவிலிருந்தும் குளிகாரர் வருவர். சுறாவின் வாயைக் கட்டுபவர் எனப்பட்ட கடல்கட்டி வந்து மந்திரம் ஓதுவார். செட்டிமார் வருவர், பம்பாய் வணிகர் வருவர். குளிப்பு முடிந்ததும் பட்டினம் கலையும். மணல் மீண்டும் மணலாகும்.

இப்பட்டினத்தைப் பற்றி அரசினர் எழுதி வைத்த கணக்குக்குக் குறைவேயில்லை. எத்தனை தோணி, எத்தனை குளிகாரர், எத்தனை சிப்பி, எத்தனை ரூபா என்று நாள்தோறும் எழுதினர். 1905ஆம் ஆண்டுக் குளிப்பில் மட்டும் ஏறத்தாழ 8 கோடிச் சிப்பிகள் கரையேறின. குளித்தவனுக்கு மூன்றில் ஒரு பங்கு. அரசினர்க்கு மூன்றில் இரு பங்கு. 1906இல் முத்துச் சலாபத்தை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஆங்கிலக் கம்பனி ஒன்றிடம் ஒப்படைத்தனர். 1907இன் பின் சிப்பியும் இல்லை. சில ஆண்டுகளிற் கம்பனியும் இல்லை. தோணிக்கு ஒரு நிரல் இருந்தது, சிப்பிக்கு ஒரு நிரல் இருந்தது. தண்டு வலித்தவர்கள் பாடிய பாட்டுக்கு அக்கணக்கேட்டில் நிரல் இருக்கவில்லை.

பிறர் எழுதாமலும் இல்லை. 1863இல் பாரிசு நகரில் பிசே என்னும் இசையறிஞர் இலங்கை முத்துக்குளிகாரரைப் பொருளாக்கி ஓர் இசைநாடகம் அரங்கேற்றினார். அதன் கதையை முதலில் மெக்சிக்கோ நாட்டிலே நிகழ்வதாக அமைக்க எண்ணி, பின்னர் இலங்கைக்கு மாற்றினர். மெக்சிக்கோவுக்கும் இலங்கைக்கும் இடையே இத்துணை எளிதாக இடம் மாற்றக்கூடிய பாட்டு எந்த ஊரின் பாட்டாகும்? அதன் இசை இனிது. உலகம் இன்றும் அதனைக் கேட்கிறது. ஆனால் நம் கரையின் உப்பு அதில் இல்லை. லெனாட் வுல்ஃப் என்னும் ஆங்கில அதிகாரி 1906இல் இங்கே கடமை பார்த்தார். பின்னர் இக்குளிப்பைப் பற்றிக் கதையும் தன்வரலாறும் எழுதினார். அவர் கண்ணால் கண்டவர், கூர்மையாகவே எழுதினார். எனினும் அது கரையில் நின்றவர் எழுத்து. மூச்சடக்கி நீருள் இறங்கியவனின் சொல் அன்று.

இதனால் நமக்கு வந்த நட்டம் என்ன என்று கேட்பீர்கள். கூறுவோம். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில், தமிழின் பெயரால் ஆயுதம் ஏந்தியிருந்த விடுதலைப் புலிகள், வடபுலத்து முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். முசலிப் பகுதி முஸ்லிம் மக்களும் உடுத்த உடையோடு புத்தளம் நோக்கிச் சென்றனர். அது அநீதி, அதனைத் தமிழர் தமிழிலேயே சொல்லவேண்டும். 2007இல் அண்டையிலுள்ள முள்ளிக்குளத்துத் தமிழ்க் கத்தோலிக்க மக்கள் தம் ஊரைவிட்டு அகற்றப்பட, அங்கே கடற்படை முகாம் எழுந்தது. போர் 2009இல் முடிந்து மக்கள் திரும்பிய காலை, ஊரெல்லாம் காடாயிருந்தது. 2012இலும் 2017இலும் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தல்கள் இப்பகுதி நிலங்களை ஒதுக்குக் காடு என்றன. 2017இல் மறிச்சுக்கட்டி மக்கள் பல நாள் தொடர்ந்து அறப்போராட்டம் நடத்தினர். காட்டைக் காக்கவேண்டும் என்போரின் வாதமும் மன்றேறியது. காடு வேண்டும் என்பதை நாமும் மறுக்கவில்லை; வில்பத்து அழிந்தால் உழவனுக்கும் மழை இல்லை. எது பழங்காடு, எது ஊர் சிதைந்து முளைத்த காடு என்பதே வழக்கு.

அந்த வழக்கில் ஊர் இருந்தது என்பதற்குச் சான்று எங்கே? உறுதிகள் ஓட்டத்தில் தொலைந்தன. எல்லை சொல்லவல்ல முதியோர் ஒவ்வொருவராய்க் கண்மூடுகின்றனர்.

1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 32ஆம் பிரிவிலே ஒரு நுட்பம் உண்டு. பொது உரிமை, பொது வழக்கம் பற்றி இறந்துபோனவர் கூறிய கூற்று, தகராறு எழுவதற்கு முன் கூறப்பட்டதாயின் அதனைக் கவனிக்கலாம் என்பது அது. தகராறுக்கு முன் பேசியவனுக்குப் பொய் சொல்லக் காரணமில்லை என்பதே அதன் உட்கருத்து. பாட்டை மன்று ஏற்றுக்கொள்ளும் என்று நாம் வாக்களிக்கவில்லை. பாட்டு உறுதி அன்று, அதில் ஏக்கரும் பேர்ச்சும் இல்லை. ஆயினும் எண்ணிப் பாருங்கள். தொட்டிலை ஆட்டிக்கொண்டு மாமன் ஊரைப் பாடிய தாய், எந்த வழக்கை மனத்திற்கொண்டு பாடினாள்? வலை இழுக்கையில் அம்பாப் பாடியவன், அருவி வெட்டுகையில் வரிசையாய் நின்று பாடியவன், ஒப்பாரியிலே இறந்தவன் உழுத வயலையும் கட்டிய குளத்தையும் சொல்லி அழுதவள், இவர்கள் எந்தச் சட்டத்தரணியின் ஆலோசனை கேட்டனர்? மறிச்சுக்கட்டி என்ற பெயரைக் கேட்டாலே, நீரை மறித்து அணை கட்டும் உழவனின் கை அன்றோ கண்முன் தோன்றுகிறது?

ஆகவே, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி, முள்ளிக்குளம், கொண்டச்சி, சிலாவத்துறை, அரிப்பு ஆகிய ஊர்ப் பெயர்கள் வரும் பாட்டுகளை எல்லாம் இப்பொழுதே திரட்டுங்கள். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தங்கிவிட்ட முதியோரையும் தேடிச் செல்லுங்கள். கைப்பேசியிலே குரலைப் பதியுங்கள். பாடியவர் பெயர், வயது, ஊர், யாரிடம் கற்றார் என்பவற்றைத் தாளில் எழுதுங்கள். மூன்று படி எடுத்து, ஒன்றைப் பள்ளிக்கூடத்திலும், ஒன்றைப் பள்ளிவாசல், தேவாலயம், கோயில் ஆகியவற்றுள் ஒன்றிலும், ஒன்றை நூலகத்திலும் வையுங்கள். படித்த உத்தியோகத்தர்களே, இது உங்கள் வேலை. உழவர்களே, பாட்டு உங்களிடம் உள்ளது.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. முதலாவது, ஒரு சொல்லையும் திருத்தாதீர்கள். கொச்சை என்று தோன்றினும் இலக்கணமாக்க வேண்டாம். திருத்திய பாட்டு, சொல்லிக்கொடுத்த சாட்சி. இரண்டாவது, நமக்கு வாய்ப்பான பாட்டை மட்டும் பொறுக்காதீர்கள். முஸ்லிம் வீட்டுத் தாலாட்டிலே தமிழன் வயல் வரலாம். கத்தோலிக்கர் கூத்திலே முஸ்லிம் துறை வரலாம். பாட்டிலே ஊர் என்று வராமல் காடு என்றே ஓரிடம் வரலாம். அவை அனைத்தையும் அப்படியே எழுதுங்கள். தன் கட்சிக்கு மாறான தாளை ஒளிப்பவன் வழக்கில் ஒருநாள் வெல்லலாம், ஊரை வெல்லமாட்டான். இம்மணலிலே எழுந்த பட்டினம் எல்லாருக்கும் உரியதாகவே எழுந்தது. அதன் பாட்டும் அங்ஙனமே இருத்தல் வேண்டும்.

சிப்பியை எண்ணியவர்கள் போய்விட்டனர். அவர்களுடைய கணக்கு இருக்கிறது. அக்கணக்கிலே ஏறாமற் போன பாட்டை ஏற்றுவது நம் கடமை. அடுத்த அருவி வெட்டுக்கு முன் ஊருக்கு ஒரு கொப்பி நிரம்பட்டும்.